முதல் பக்கத்து வருத்தம்

மார்ச் 4

கிரிக்கெட் கேப்டனின் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. முதல் பக்கத்தில் ஐந்து பத்தி, நகத்தின் படம், மூன்று டாக்டர்களின் கருத்து. தலைப்பு: 'நாடே நொண்டுகிறது'. ஒற்று விட்டிருக்கிறதா என்று நான்தான் பார்த்துக் கொடுத்தேன். மாலைப் பத்திரிகையில் புரூஃப் பார்ப்பவளுக்கு அதுதானே வேலை.

அண்ணனின் கால் போய் இன்றோடு ஐந்து நாள். கிடங்கில் இரும்பு ரேக் சரிந்து விழுந்தது. இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை. நிருபர் எழுதிய எட்டு வரி ஏழாம் பக்கத்தில் இடத்துக்குக் காத்திருக்கிறது. அந்தப் பக்கத்தையும் எட்டுப்பத்தி வளைத்துப் போட்டுவிட்டார்: கேப்டனின் பள்ளித் தோழர்கள் பேட்டி. விளையாட்டுப் பிரிவின் தலைவர் அவர். எதை எழுதினாலும் பக்கத்தின் எட்டுப் பத்தியும் கேட்பார், ஆபீசில் பெயரே அதுவாகிவிட்டது.

மார்ச் 5

அண்ணி தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார். "விபத்தே நடக்கலன்னு கிடங்குக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்களாம். பேப்பர்ல வந்திருந்தா கொண்டாங்க, பாக்கலாம்கறாங்க."

அண்ணன் படுத்தபடியே சொன்னார்: "என் காலை விடு. ரெண்டாவது ரேக்கும் சாஞ்சு நிக்குது. அதுக்குக் கீழ பதினாறு பேர் வேலை பாக்கறாங்க. அத எழுதச் சொல்லு."

மார்ச் 6

எட்டுப்பத்தியிடம் நானே போய்க் கேட்டேன். சிரித்தார். "ஏம்மா, உங்கண்ணன் காலுக்கு எத்தன பேர் பேப்பர் வாங்குவான்?"

எத்தன பேர் வாங்குவானா? பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இரு. உன்ன வச்சுக்கறேன்.

மார்ச் 7

ஆபீசில் பழைய வழக்கம் ஒன்று. அச்சில் பிழை போனால், தவறவிட்டவரே மறுநாள் 'வருந்துகிறோம்' எழுத வேண்டும். பிழை வந்த அதே பக்கத்தில், முழு விவரத்தோடு. பத்தொன்பது வருஷத்தில் நான் ஒருமுறைகூட எழுதியதில்லை.

நாள் முழுக்க இதே நினைப்பு.

மார்ச் 8

செய்துவிட்டேன்.

பத்தரைக்கு முதல் பக்க புரூஃப் வந்தது. 'கேப்டனின் விரல்: இன்று ஸ்கேன்'. அண்ணனின் எட்டு வரியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் எழுதி, அம்புக்குறி போட்டு, கேப்டன் செய்தியின் நடுவே சேர்க்கச் சொன்னேன். லே-அவுட்காரர் படிக்கமாட்டார், அம்பைத்தான் பார்ப்பார். சேர்த்துவிட்டார்.

'அவரது இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது.'

இரண்டு மணிக்குப் பேப்பர் வெளியே போனது. இரண்டரைக்கு எல்லா போனும் அலறின. வாசலில் கூட்டம். எட்டுப்பத்தி வேர்த்து விறுவிறுத்து, "சார், கால் இருக்கு சார், ரெண்டுமே இருக்கு சார்" என்று கத்திக்கொண்டிருந்தார். வயிறு குளிர்ந்தது. எனக்கு நானே பொய் சொல்வானேன் — குளிர்ந்தது.

பிறகு லே-அவுட்காரரைப் பிடித்து உலுக்கினார்கள். அதை நான் யோசிக்கவில்லை. எழுந்து நின்று, "நான்தான்" என்றேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் ஆசிரியர். அவ்வளவு நம்பிக்கை. அது மட்டும் குத்தியது.

மார்ச் 9

வருத்தம் எழுதினேன். முதல் பக்கம், கட்டம் கட்டி. நேற்றைய வாக்கியம் கேப்டனைப் பற்றியதல்ல; கால் இழந்தவர் இவர். அண்ணனின் பெயர், வயது, கிடங்கின் விலாசம், ரேக் சரிந்த தேதி, சாய்ந்து நிற்கும் இரண்டாவது ரேக், கீழே பதினாறு பேர். ஒன்றையும் விடவில்லை. கடைசியில்: தவறுக்கு வருந்துகிறோம்.

ஆசிரியர் வாங்கிப் படித்தார். அண்ணனின் இனிஷியலில் கண் நின்றது. என் இனிஷியலும் அதுதான். நிமிர்ந்து பார்த்தார், ஒரு வார்த்தைகூட வெட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 10

கேப்டனுக்குக் கால் இருக்கிறதா என்று பார்க்க நேற்று ஊரே பேப்பர் வாங்கியதாம். இரண்டாம் தடவை அச்சடித்ததும் தீர்ந்துவிட்டது. எத்தன பேர் வாங்குவான்னு கேட்டியே — போய் எண்ணு.

மார்ச் 12

அண்ணி அந்தப் பேப்பரை ஆய்வாளரின் மேசையில் விரித்தே வைத்தாராம். கிடங்குக்குச் சீல் வைத்தாயிற்று.

மார்ச் 15

எட்டுப்பத்தி சும்மா இருப்பாரா? என் வேலை போய்விட்டது. கிளம்பும் முன் லே-அவுட்காரரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் அண்ணன் அந்தக் கட்டத்தை விரல் வைத்து மறுபடி படித்தார்.

"ஏண்டி, கடைசில வருந்துகிறோம்னு போட்டிருக்கியே. நிஜமாவே வருந்தினியா?"

"அது ஒண்ணுதாண்ணா அதுல பிழை."