ஏழாம் படுக்கைக் காய்ச்சலுக்குச் சிஸ்டர் பொறுப்பல்ல

அனுப்புநர்:
ஏழாம் படுக்கை நோயாளியின் மகன்,
பதினோராம் வகுப்பு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை அலுவலகம், முதல் மாடி.

பொருள்: இடம் மாற்றப்பட்ட செவிலியரை மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், கைகழுவும் தொட்டிக்கு மேலே நெடுநாள் சேவையாற்றிய சோப்புக் குப்பி, சென்ற வாரம் தன் கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டுக் காலமானது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறேன். அதற்கு இதுவரை வாரிசு யாரும் நியமிக்கப்படவில்லை.

1. வயிற்று அறுவைக்குப் பின் என் அப்பா அங்கே இருக்கிறார். வாயில் மூச்சுக்குழாய். கழுத்தில், இதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும் மெல்லிய குழாய். சென்ட்ரல் லைன் என்கிறார்கள். அது உள்ளே நுழையும் இடத்தைக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்திரி மூடியிருக்கும். பகல் நேரச் சிஸ்டர் முதல் நாளே எச்சரித்தார்: "இந்தக் கதவு தொறந்துச்சுன்னா கிருமி நேரா ரத்தத்துக்குப் போயிடும் தம்பி. யாரும் தொடக் கூடாது."

2. மருந்து ஏற்றும் முன் அவர் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் தேய்ப்பதைப் பார்த்து, "பல்லு வெளக்கி விடுறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன். "ஆமா, நாளைக்கு நீயும் வெளக்கிட்டு வா" என்றார். அன்றிலிருந்து நான் அவர் கட்சி. கைகழுவல் துறை அமைச்சராக எனக்கு நானே பதவிப் பிரமாணம் செய்துவைத்துக்கொண்டேன். சித்தப்பாவை முழங்கை வரை கழுவ வைத்தேன். அத்தையின் வளையல்களைக் கழற்ற வைத்தேன். "பெரிய டாக்டரு வந்துட்டாரு" என்று அத்தை கடுப்படித்ததை விருதாகவே ஏற்றுக்கொண்டேன்.

3. வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் குளிர்க்காய்ச்சல். கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம். ரத்தத்தில் கிருமி, அந்தக் கழுத்துக் குழாய் வழியாகத்தான் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பழையதை எடுத்துவிட்டு மறுபக்கம் புதிதாகப் போட்டார்கள். பிளாஸ்திரியின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததாம். சிஸ்டரின் கவனக்குறைவு என்று முடிவுகட்டி, அவரை வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்க அனுப்பிவிட்டீர்கள். நாளை விசாரணை. எல்லாரையும் கை கழுவச் சொன்னவரையே கை கழுவிவிட்டீர்கள் ஐயா. "அந்தப் பொண்ண நம்பித்தானே விட்டுட்டுப் போனோம்" என்று அம்மா அழுதார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

4. அப்பா தேறிவருகிறார். நேற்று மூச்சுக்குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "பல்லி எங்கடா?"

"ஐயோ, காய்ச்சல்ல என்னமோ ஒளர்றாரே" என்று அம்மா பதறினார். அவர் உளறவில்லை ஐயா.

5. காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை, சிஸ்டரை அலற வைப்பதற்காக ஒரு ரப்பர் பல்லி கொண்டுபோனேன். குப்பி காலி, கை கழுவவில்லை. கட்டில் கால்மாட்டிலேயே கையில் தடவும் கிருமிநாசினி இருந்தது, அதையும் தொடவில்லை. அமைச்சரை யார் கேட்பது? சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போன நேரம் பார்த்து, பல்லியின் வாலைப் பிளாஸ்திரி ஓரத்துக்குள் செருகினேன். அப்பா கண்ணாலேயே சிரித்தார். அறுவைக்குப் பிறகு அதுதான் அவருடைய முதல் சிரிப்பு. அதற்குள் பெரிய டாக்டரின் குரல் கேட்கவே, பல்லியை வெடுக்கென்று இழுத்தேன். ஓரமும் சேர்ந்து வந்தது. கட்டைவிரலை நாக்கில் வைத்து, தபால்தலை ஒட்டுவதுபோல் அழுத்திவிட்டு, "குட்மார்னிங் சார்" என்றேன். நன்றாகவே ஒட்டிக்கொண்டது. மறுநாள் சிஸ்டர் குனிந்து பார்த்தபோதும் சரியாகத்தான் தெரிந்தது. அவர் பார்ப்பதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஆகவே, சிஸ்டரைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும், குப்பியை நிரப்பவும், நாளைய விசாரணையில் அவருக்குப் பதிலாக என்னை நிற்க வைக்கவும் தலைகுனிந்து வேண்டுகிறேன். இந்த மனுவை முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டப்போகிறேன். அதன் பிறகும் நடக்கும் நிலையில் இருந்தால் நானே முதல் மாடிக்கு வருவேன்.

இடம்: தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல் பெஞ்சு
நாள்: செவ்வாய்க்கிழமை, விசாரணைக்கு முந்தின நாள்

வெட்கத்துடன்,
(கையொப்பம்)
முன்னாள் கைகழுவல் துறை அமைச்சர்

இணைப்பு: ரப்பர் பல்லி, ஒன்று. உறையைப் பிரிக்கும்போது அலற வேண்டாம் ஐயா. சோப்புப் போட்டுக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.