சட்டி அடியில் மிஞ்சிய மட்டி

5 மே 1974, ஞாயிறு
வெயில் மண்டையைப் பிளக்கிறது. போன வாரம் மோதிரம் மாற்றியாயிற்று, இன்று முகத்துவாரக்குப்பத்தில் அந்தோணி வீட்டு விருந்து. நானும் அப்பாவும். காலடிப்பேட்டை மளிகைக்கடைக்காரர் பெண்ணுக்கு மீன்பிடிக்கிற குடும்பமா என்று ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர் வந்ததே பெரிது.

அந்தோணியின் அம்மாவை இப்போதே அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். மட்டிச் சிப்பி வேகவைத்தார். வாய் திறக்காததைப் பொறுக்கி வீசினார். "தொறக்கலன்னா செத்தது. துன்னவே கூடாது கண்ணு." அப்பா மூன்று தடவை கேட்டு வாங்கினார். எனக்கு இரண்டு கரண்டி. கழிமுகத்தில் தண்ணீர் செங்கல் நிறம். ஏனென்று கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே இதை எழுதுகிறேன்.

6, திங்கள்
நேற்று பஸ்ஸிலேயே உதடு மரத்துவிட்டது. பிறகு விரல் நுனி. அப்பாவுக்கு நடை தள்ளாட்டம். கண்டக்டர்: "இன்னா பெர்சு, நல்லா ஏத்திகினு வன்ட்டியா?" சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர்! ஆஸ்பத்திரி, ஊசி. இன்று தேவலை. முதலில் தேறியது அப்பாவின் குரல்தான்.

"ஏட்டி, கெட்டுப்போனத ஆக்கிப் போட்டு கொல்லப் பாத்திருக்காவ. கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மோதிரத்தக் கழத்து."

விரல் வீங்கியிருக்கிறது, வரவில்லை என்றேன். வீக்கமாவது ஒன்றாவது.

7, செவ்வாய்
வாங்க: குளுக்கோஸ், எலுமிச்சை, சோப்பு. (சோப்பு மறந்தது.)

அப்பா கடையில் இருக்கும்போது பின்வாசல் வழியாகக் கிளம்பிக் குப்பம். அத்தை பாயில். கையைத் தூக்க முடியவில்லை. நாங்கள் போன பிறகு சட்டி அடியில் மிஞ்சியதைச் சாற்றோடு வழித்துச் சாப்பிட்டவர் அவர்தான். அந்த வீட்டில் சமைத்தவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "உங்க நைனா எப்டி கீறாரு?" அழுதுவிட்டேன்.

மீன்வளத்துறை ஆள் வந்து தண்ணீர் மொண்டார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகித்தான் இந்தச் சிவப்பாம். மட்டி அவற்றைத் தின்று விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அதற்கு ஒன்றும் ஆகாது. வேகவைத்தாலும் விஷம் போகாது. தான் சொல்லும்வரை யாரும் மட்டி தொடக்கூடாது என்றார்.

அந்தோணி: "எங்கம்மா கரீட்டாதான் செஞ்சிகீது. கடல்தான் பேஜாரு பண்ணிட்ச்சி."

9, வியாழன்
அத்தை எழுந்து உட்கார்ந்தாராம். அப்பாடா.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பின்வாசலையும் சொன்னேன்.
"அவுக சாப்ட்டாவளா?"
"நீங்க மூணு தடவ வாங்கினீங்க. மிஞ்சினதுதான் அவங்களுக்கு. நம்ம ரெண்டு பேரையும்விட அவங்கதான் மோசமா கெடந்தாங்க."
அப்பாவின் அடுத்த கேள்வி, "ஊரு என்ன சொல்லும்?"

ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மோதிரம் விரலில்தான் இருக்கிறது. நாளைக் காலை மறுபடி குப்பம். கடை வழியாகவே போவேன், வாடிக்கையாளர்கள் நிற்கும்போது.