அடியில் தங்கும் கசப்பு

1943 நவம்பர் 8, திங்கள்

மலாயாவை ஆளும் ஜப்பான்காரன் கணக்கில் 2603-ஆம் வருஷம். விடாத மழை. ஆஸ்பத்திரிக் கூரை மறுபடி ஒழுகல். ரப்பர் எஸ்டேட்டுக்கு வைத்தியம் பார்க்க டிரஸ்ஸர் நான் ஒருவன்தான். காய்ச்சலோ கூலிகள் குடியிருக்கும் லயம் முழுக்க. காய்ச்சலுக்கான கொயினாத் தூளைக் கரைக்கும் திராவகம் தீர்ந்துவிட்டது. வெறும் தண்ணீரில் கலக்கினேன். கரையவில்லை. மாவாக அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வீட்டுக்காரி கமலத்துக்கும் உடம்பு சுடுகிறது. கிழங்குக் கஞ்சி வேண்டாமாம்.

செவ்வாய்

ஜொகூர் பாரு டவுனுக்கு ஆள் அனுப்பினேன். திராவகம் இல்லையாம்.

மருந்து வரிசையில் புதுச் சண்டை. எல்லோருக்கும் கடைசியில் நிற்க வேண்டும். ரப்பர் பால் வெட்டும் மாரியாயி சொல்லித்தான் புரிந்தது.

"முன்னாடி நின்னா சப்புன்னு தண்ணி, ஐயா. கடைசில நின்னாத்தான் கசக்குது. காய்ச்சலும் அவங்களுக்குத்தான் விடுது."

குலுக்கித்தான் ஊற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். கை ஓய்ந்துபோனது எனக்கே தெரியவில்லை. வெட்கம்.

புதன்

மழை. அசதி. படித்ததெல்லாம் ஞாபகம் வருகிறது, சோறு போடாத படிப்பு.

ஒருபடித்தான கலவை: எந்தத் துளியை எடுத்தாலும் அதே. அதே சொல்லுக்கு இயற்கணிதத்தில் வேறு பொருள்: எல்லா உறுப்புக்கும் ஒரே படி. பௌதிகத்தில் இன்னொன்று: ஒரே இனத்தைத்தான் கூட்டலாம், நீளத்தோடு நேரத்தைக் கூட்ட முடியாது. எனக்கு இப்போது படி என்றால் அரிசி அளக்கும் படிதான்.

லயத்துக் காய்ச்சலும் கமலத்தின் காய்ச்சலும் ஒரே இனம். தெரியும். கூட்ட மனம் வரவில்லை. அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

வியாழன்

கமலத்துக்கு நடுக்கம், பிதற்றல். வரிசை முடிந்ததும் சீசாவின் அடியில் நின்றதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று வேண்டுமென்றே குலுக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா குலுக்கினீங்களா?"

குலுக்கினேன் என்றேன்.

"அப்ப ஏங்க இவ்ளோ கசக்குது?"

மிச்சத்தைச் சீசாவிலேயே ஊற்றினாள். பாதி பாயில் சிந்தியது.

"நாளைக்கு நான் வரிசைல வந்து வாங்கிக்கிறேன்."

வெள்ளி

வந்தாள். மாரியாயி தோளைப் பிடித்துக்கொண்டு, வரிசையின் நடுவில். ஒவ்வொருவருக்கும் குலுக்கிக் குலுக்கி ஊற்றினேன். தோள்பட்டை விட்டுப்போகிறது. அவளுக்கும் அதே அளவு. என் முகத்தைப் பார்க்காமல் குடித்தாள்.

அவளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.