அட்டையில் எழுதி அனுப்பிய பெயர்

தண்டர் பே,
செப்டம்பர் 9

தம்பி ரெய்னோவுக்கு அக்கா ஐலி எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பதினொரு முறை அழைத்துவிட்டேன். சுரங்க முகாமில் சிக்னல் இல்லை என்று கதை விடாதே. உன் பக்கத்து அறைக்காரர், இங்கே நம் தெருவில் இருக்கும் லெம்பியின் கணவர், தினமும் அவளோடு ஃபோனில் பேசுகிறார். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இதையாவது பிரித்துப் படி.

நீ விற்றது உன் ஓட்டைப் பனி வண்டியை இல்லை, நம் இணையதளத்தின் டொமைன் பெயரை. சவுனா என்ற நம் வெந்நீராவிக் குளியலறையின் அடுப்புக்கு நம் ஃபின்லாந்து ஆட்கள் சொல்லும் சொல், ஐந்தே எழுத்து, நடுவில் கோடு கிடையாது, எண் கிடையாது. பதிவு உன் பெயரில் இருந்தாலும் பத்தொன்பது வருடம் புதுப்பித்து வந்தவள் நான். மார்ச் பனியில் என் அடுப்புப் பட்டறையின் கூரை இறங்கியபோது, அந்தப் பெயரை விற்றுக் கூரை போடலாம் என்று நீதான் சொன்னாய். சரி என்றேன். எஸ்க்ரோ வழியாக மட்டும் விற்கச் சொன்னேன். வாங்குகிறவன் பணத்தை அந்த நடு ஆளிடம் கட்டட்டும், பெயர் அவன் கைக்குப் போனது உறுதியானதும் அவர்கள் நமக்குத் தரட்டும் என்று விளக்கமாகவே சொன்னேன். அதற்கான கட்டணத்தையும் நானே தருகிறேன் என்றேன். நன்றாகத் தலையை ஆட்டினாய்.

அப்புறம் அந்த மினசோட்டாக்காரன் வந்தான். "நம்மாளுங்களுக்குள்ள நடுவுல ஒருத்தன் எதுக்குண்ணே? என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டானாம். "சவுனாவுல எத்தனை டிகிரி வெப்பீங்க? குளிக்கிறப்போ உடம்புல தட்டிக்கிற பிர்ச் இலைக் கொத்தைக் கோடையிலேயே கட்டி வெச்சிடுவீங்களா?" என்றும் கேட்டானாம். அவ்வளவுதான், உருகிவிட்டாய். சவுனா பலகையில் உட்கார்ந்தவன் பொய் சொல்ல மாட்டான் என்பது நம் வழக்கம்தான். அவன் உட்கார்ந்திருந்தது உன் பலகையிலா? எந்த ஊரிலோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் பேசினான். உன்னோடு ஒரு சொட்டு வியர்வை சிந்தாதவன் எப்படியடா நம் ஆள் ஆனான்?

அவன் கிரெடிட் கார்டிலிருந்து உன் ஆன்லைன் வாலட்டுக்குப் பணம் வந்ததாகச் செய்தி வந்ததும், பெயரை மாற்றிக்கொள்ளும் ரகசியக் குறியீட்டை அரை மணி நேரத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாய். ஏழு வாரம் கழித்து, பொருள் வந்து சேரவில்லை என்று அவன் புகார் கொடுத்தான். பணம் வந்த வழியே திரும்பிப் போனது. டொமைன் மாதிரி கையில் பிடிக்க முடியாத பொருளை விற்பவருக்குத் தங்கள் பாதுகாப்பு கிடையாது என்று அந்த வாலட்டின் விதியிலேயே எழுதியிருக்கிறது. நீ அதைப் படிக்கவில்லை. வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுலபமாகப் பிடுங்கியிருக்க மாட்டான்.

இதோடு நிறுத்தினாயா? பொருளை அனுப்பியதற்குச் சாட்சியாகப் பார்சல் நம்பர் உண்டா என்று வாலட் அலுவலகத்தில் கேட்டதற்கு, ஐந்து எழுத்தையும் மார்க்கரால் ஒரு அட்டையில் எழுதி, உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறாய்! இணையப் பெயரைத் தபாலில் அனுப்பியவன் இந்த நாட்டிலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். அவன் அந்த அட்டையைப் படம் எடுத்து, "பாருங்க, எனக்கு வந்தது இதுதான்" என்று அவர்களிடமே காட்டிவிட்டான். இப்போது அவர்கள் கண்ணுக்கு நாம்தான் மோசடிக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் சங்கத்தில் காபி குடிக்கும்போது வில்ஹோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன ஐலி, இனிமே அடுப்பையும் கவர்ல போட்டுத்தான் அனுப்புவீங்களா?" என்றான். எனக்கு மண்டை சூடாகிவிட்டது. "திருடன் நம்ம பாஷையில நாலு வார்த்தை பேசினா நீ வீட்டுச் சாவியையே குடுத்திருப்பே. வாய மூடிக்கிட்டு ரொட்டியத் தின்னு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, அவனுக்கு என்ன இருக்கிறது?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். என் புகாரின் பேரில் பெயர்ப் பதிவு நிறுவனம் அந்தப் பெயரை இருபதாம் தேதி வரை பூட்டி வைத்திருக்கிறது. அதற்குள் பழைய உரிமையாளர், அதாவது நீ, நடந்ததைச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். தவறினால் பூட்டைத் திறந்துவிடுவார்கள், அவனும் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவான். படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அட்டை விஷயத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்கிறார் வக்கீல். மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்களாம். அந்த வரியில்தான் உன் பேனா நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றால் நிற்கட்டும், மறுபடி எழுது.

நேற்று கோபம் தாங்காமல் முகாம் அலுவலகத்துக்கே அழைத்தேன். சமையல்கார அம்மாதான் எடுத்தார். "அவரு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே வர்றதில்லைம்மா, பத்து நாளாச்சு. ஷிஃப்ட் முடிஞ்சா ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிறாரு. கூப்பிட்டாலும் பதில் இல்ல" என்றார். உனக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டுகளையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்ல முடியுமா? ஃபோனை வைத்துவிட்டேன்.

பதினேழாம் தேதி பஸ்ஸில் அங்கே வருகிறேன். யாராவது கேட்டால், அக்கா கையெழுத்து வாங்க வருகிறாள் என்று சொல். வந்து உன்னைத் திட்டத்தான் போகிறேன், அதில் மாற்றம் இல்லை. நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, நான் தட்டும்போது கதவைத் திறடா.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அக்கா,
ஐலி