வீட்டில் முடிகிற மாதிரி

கீழச்சிவல்பட்டி,
மார்கழி 9, புதன்கிழமை.

அன்பு மகன் விக்னேஸ்வரனுக்கு அப்பா ஆசைத்தம்பி சொல்லச் சொல்ல அம்மா எழுதும் கடிதம். ஏப்பா, நல்லாயிருக்கியா? பெங்களூர்க் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு போகிறாயா? உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. இங்கே நானும் அம்மாவும் சுகம். சைக்கிள் கடையும் ஓடுகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சத்தம் கூடிவிடுகிறது. அம்மாதான் சொன்னாள், "கடுதாசியாச் சொல்லுங்க, நான் எழுதுறேன். அவன் குறுக்க பேசுறதுக்குள்ள நீங்க சொல்லி முடிச்சிருவீக" என்று.

விசயம் இதுதான். தை மாதம் உன் சிநேகிதன் குடும்பம் ராமேஸ்வரம் போகிற காரில் சைக்கிளோடு நம் வீட்டில் இறங்குவதாகவும், ஒரு டீ குடித்துவிட்டுத் தார்ரோட்டில் ஏறாமல் கண்மாய்க்கரை, வண்டிப்பாதை வழியாகவே சிவகங்கை ஸ்டேஷனுக்கு மிதித்து, அங்கே சைக்கிளை ரயிலில் ஏற்றி, மாறி மாறிப் பெங்களூர் போய்ச் சேருவதாகவும் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். பாதை மட்டும் அப்பாவைக் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை மூன்று தடவை வாசித்தாள். ரெண்டு வருசம் கழித்து வருகிறாய். டீ ஆறுகிற நேரம்தான் வீட்டில் இருப்பாய் என்று எனக்குப் பட்டது.

அதனால் நான் ஒன்று யோசித்தேன். நீ அதைத் தலைகீழாகச் செய்தால் என்ன? ரயிலிலேயே வந்து சிவகங்கையில் இறங்கு. அங்கிருந்து மிதித்து வந்து வீட்டில் முடி. பாதை அதே பாதை. காட்டு வழியும் அதே வழி.

நீ காரணம் கேட்பாய். காரணம் தேடித்தான் போன வாரம் முழுக்க அலைந்தேன்.

முதலில் ரயில். காரைக்குடி ஸ்டேஷனில் சைக்கிளை ஏற்ற முடியுமா என்று கேட்டேன். முடியுமாம், ஆனால் எல்லா ரயிலிலும் முடியாதாம். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு, சைக்கிள்மேல் பெயரும் இறங்குகிற ஊரும் தெரிய வேண்டுமாம். வரிசையில் நின்ற ஒருவர், சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டால் சீட்டே வேண்டாம் என்றார். பக்கத்தில் நின்றவர், பையில் போட்டாலும் சைக்கிள் சைக்கிள்தான் என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சரி, என் சைக்கிளையே ஏற்றி ஒரு தடவை போய்த்தான் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன். சிவகங்கைக்குப் போக மட்டும் ஒரு சீட்டு என்று உன் அம்மாவிடம் சொன்னதும், "அதென்ன பேச்சு, போக மட்டும்னு? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்று கோபித்துக்கொண்டாள். மிதித்துத்தானே வரப் போகிறேன், அதற்கு எங்கே சீட்டு வாங்குவது?

பெயர் எழுத வேண்டும் என்றார்களே, ஒரு அட்டையைக் கட்டினால் போதுமாம். அது எனக்குத் தெரியாது. காரைக்குடி செக்காலையில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் சொல்லிப் பின்பக்க மட்காட்டில் மஞ்சள் பெயிண்டில் 'ஆசைத்தம்பி, சிவகங்கை' என்று எழுதி வாங்கிவிட்டேன். எழுத்து அவ்வளவு லட்சணம். அந்த லட்சணம்தான் என்னைக் கவிழ்த்தது.

சிவகங்கையில் இறங்கி மதகுபட்டி வரை சரியாக வந்தேன். அதற்கப்புறம் நான் சின்ன வயதில் மரம் ஏற்றிப் போன வண்டிப்பாதையைக் காணோம். எல்லாம் கருவேல முள். ஒரு கண்மாய்க்கரையில் பாதை ரெண்டாகப் பிரிந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், ஊருக்கு எங்குட்டுப் போகணும் என்று கேட்டேன். அவள் மட்காட்டை வாசித்தாள். "அங்குட்டுப் போங்க, நேரா ஊருதான்" என்று நான் வந்த பக்கமே கையைக் காட்டினாள். நானும் திரும்பினேன். காற்று முதுகில் தள்ளியது. காற்று முதுகில் இருந்தால் வீட்டுப் பக்கம் போகிறோம் என்று என் கணக்கு. சுகமாக மிதித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் சிவகங்கைத் தண்ணீர்த்தொட்டி தெரிகிறது.

உன் அம்மா இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மறுபடி வரும்போது, நம்மூர் சின்னக்கருப்பன் ஒரு பொட்டலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தான். அவனுக்கு இந்தச் சீமையில் தெரியாத தடம் கிடையாது. அவனிடம் உன் யோசனையையும் என் யோசனையையும் சொன்னேன். சிவகங்கையிலிருந்து வந்தால் காற்று தள்ளிவிடும் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஆசாரியாரே, அது ஆடிக்காத்து. தையில வாடை. உங்க மகன் சொல்ற மாதிரிப் போனாத்தான் முதுகுல தள்ளும். தரையும் அங்குட்டுத்தான் சாயுது, தண்ணி ஓடுறதப் பார்க்கலையா? நீங்க அவனை எதிர்காத்துல மேட்டுல மிதிக்கச் சொல்லுறீக" என்றான். அப்புறம், "புள்ளைய வீட்டுக்கு வான்னு கூப்பிடுறதுக்குக் காத்தை எதுக்கு இழுக்குறீக?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

முள்ளைப் பற்றி மறந்துவிட்டேன். முன் சக்கரத்தில் நாலு பஞ்சர், பின்னால் ரெண்டு. வழியிலேயே ஒட்டினேன். உன் டயர் தடிப்பு, தாங்கும். இருந்தாலும் பஞ்சர் ஒட்டப் பசை, உப்புத்தாள் கொண்டு வா.

சைக்கிள் என்றதும் உனக்கு அந்தப் பழைய சங்கதிதான் வரும். எனக்கும் அதுதான் வருகிறது. போன தடவை வந்தபோது நீ மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கின நேரம், உன் புது வண்டி ஸ்டாண்டும் கேரியரும் இல்லாமல் நின்றதைப் பார்த்து, பிள்ளை பாவம், பையை எதில் வைப்பான் என்று நினைத்துத்தான் அதன் ஃபிரேம் தண்டில் துளை போட்டு மாட்டினேன். அது இரும்பு இல்லை, துளை போட்டால் தண்டே வீண் என்று எனக்கு யார் சொன்னது? நீ எழுந்து பார்த்து, சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதிலிருந்து யார் வண்டிக்குத் துளை போட்டாலும் வண்டிக்காரனை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்கிறார்கள்.

வருகிற வண்டி புது வண்டிதானே? நான் தொட மாட்டேன். காற்றுக்கூட நீயே அடித்துக்கொள்.

பாதை கேட்டாயே, சின்னக்கருப்பன் சொன்னபடி அடையாளங்களைத் தனித்தாளில் அம்மா எழுதியிருக்கிறாள். வீட்டிலிருந்து போகிற மாதிரி ஒரு தாள், வீட்டுக்கு வருகிற மாதிரி ஒரு தாள். ரெண்டையும் இதோடு வைத்திருக்கிறோம். காற்று என் பக்கம் இல்லை, மேடு பள்ளமும் என் பக்கம் இல்லை, ரயில் விவரம் எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நீ அங்கிருந்து இங்கே வா என்று நான் ஏன் சொல்கிறேன் என்றால்

விக்னேசு, நான் அம்மா. செயின் அறுந்துபோச்சு, சீக்கிரம் வாங்க என்று கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். உன் அப்பா எழுந்து போய்விட்டார். போன வேகத்தைப் பார்த்தால் கூப்பிட்டதே அவருக்கு நல்லதாய்ப் போச்சு என்று தெரிகிறது. விட்ட இடத்தை நான் எழுதிவிடுவேன், ஆனால் அது அவர் வாயால் வர வேண்டியது. தபால்காரர் வருகிற நேரம், அப்படியே உறையில் போடுகிறேன்.

எங்குட்டிருந்து வந்தாலும் வா. வருகிற அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருப்பாயா என்று மட்டும் முந்தின நாளே சொல்லிவிடு. பணியாரத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டும். மகமாயி உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
சீதாலட்சுமி