நீங்கள் எடுக்கப் பார்த்த கறை

அண்ணா,

இன்று காலை பனியன் கம்பெனியில் செக்கிங் செக்சனைக் கடந்து போகும்போது கறை எடுக்கும் மருந்தின் வாடை மூக்கில் ஏறியது. புதிதாகச் சேர்ந்த பீகார்ப் பெண் ஒருத்தி வெள்ளை டி-சர்ட்டை மேசையில் விரித்து, எண்ணெய்க் கறை மேல் மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். பல வருடங்கள் நீங்கள் நின்ற இடம் அது. என்னை அறியாமல் நின்று, அவளுக்குப் பின்னால் உங்களைத் தேடினேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

நம் காமிக்ஸ் புத்தகத்தை என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு, நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பஸ் வரும்வரை பழைய பேப்பர் கடையில் நின்றோமே, அங்கே கிடைத்தது அது. தடித்த தீபாவளி மலர். அட்டையில் முன்னங்கால் தூக்கிய குதிரை, மேலே தொப்பிக்காரன். இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். “சின்ன வயசுல என்ற பெரியம்மா பையன் இதத் தொடக்கூட உடமாட்டானுங்க பாய்” என்றீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது இரவல் வாங்கிப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்த கதை அது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஒரு மாசம் உங்க ஊட்ல, ஒரு மாசம் எங்க ஊட்ல இருக்கட்டுமுங்க” என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள். அப்படியே நடந்தது. பின்னாளில் சேகரிப்பவர்கள் தேடி வந்து விலை கேட்டபோது, “விக்கறதுக்கு இதென்ன பனியனுங்களா?” என்று சிரித்து அனுப்பினீர்கள்.

ஒரு மழைக்காலம். புத்தகம் என் வீட்டில் இருந்த மாதம். ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தவன், அங்கேயே வைத்துவிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சாரல் அடித்து அட்டை நனைந்திருந்தது. காற்றாடிக்கு அடியில் காயவைத்தேன். பழுப்பு நிறக் கறை குதிரையின் காலில் தொடங்கித் தொப்பிக்காரனின் முகம் வரை ஏறி நின்றது.

உங்களிடம் கொடுத்தபோது, “இது முன்னாடியே இருந்துச்சுங்களா பாய்?” என்று கேட்டீர்கள்.

“ஆமாங்கண்ணா. பழைய பொஸ்தகந்தானுங்களே” என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். “இருக்குமுங்க” என்று பையில் வைத்துக்கொண்டீர்கள். பொய் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்தது.

அடுத்த முறை புத்தகம் உங்களிடம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வாசலில் வந்து நின்றீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “பாய், தப்புப் பண்ணிப்போட்டனுங்க. லேசா மருந்து தொட்டா கறை போயிரும்னு நெனச்சனுங்க. கறை போகலீங்க, மூஞ்சிதான் போயிருச்சு” என்று புத்தகத்தை நீட்டினீர்கள். எத்தனையோ ஆயிரம் பனியன்களில் கறை எடுத்த கை. தொப்பிக்குக் கீழே இப்போது வெளுத்த காகிதம் மட்டும் இருந்தது. உங்கள் கண்கள் கலங்கியிருந்தன.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “பரவால்லீங்கண்ணா” என்று சொல்லி டீ போடப் போனேன். உங்களை மன்னிக்கும் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகளின் வாட்டர் கலரை எடுத்து நீங்களே ஒரு முகம் வரைந்தீர்கள். மீசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் சிரித்தோம். நான் சிரித்தேன், சொல்லவில்லை.

நீங்கள் போனபோது புத்தகம் என் பீரோவில் இருந்தது. எடுத்துப் பார்க்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டேன். போன மழைக்குத் திறந்தால் ஓரமெல்லாம் பூஞ்சை, நடுவில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தது. பெங்களூரில் பழைய காகிதங்களைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்தது. நம் பக்கத்துத் தமிழ்தான் பேசினார். போனில் நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, “பூஞ்சையையும் தூசியையும் தண்ணி படாமலே எடுத்துரலாங்க. பின்னையும் மாத்திரலாம். ஆனா அட்டையில இருக்கற கறை போகணும்னா நனைச்சுத்தான் ஆகணும். நனைச்சா அந்த வாட்டர் கலர் மூஞ்சி தங்காது. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

இரண்டு வாரம் யோசித்தேன். கறை என்னுடையது, முகம் உங்களுடையது. என் கறையைப் போக்க உங்கள் கை வரைந்ததை எப்படி அழிப்பது? கறையோடு விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் புத்தகத்தில் பாதி உங்கள் வீட்டுக்கு உரியது. ஆகவே உங்கள் மனைவியிடம் போனேன். சாரலில் நனைந்ததிலிருந்து நான் சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா காப்பி டம்ளரை என் முன்னால் வைத்தார். “அவருக்குத் தெரியுமுங்க தம்பி” என்றார்.

தூக்கிய டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எது பழங்கறை, எது நேத்து நனைஞ்சதுன்னு அவருக்குத் தெரியாதுங்களா? நாள் பூரா அதே பொழப்பு. அந்த அட்டையப் பாக்கறப்பெல்லாம் உங்க மூஞ்சி வாடிப்போகுதுன்னு சொல்லுவாருங்க. ‘கறை போயிருச்சுன்னா பாய் மறந்துருவாரு’ன்னுதான் மருந்த எடுத்தாரு.”

“இப்ப என்னக்கா பண்றதுங்க?” என்று கேட்டேன்.

“அவரு எடுக்கோணும்னு நெனச்சது கறையத்தானுங்க. எடுத்துப்போடச் சொல்லுங்க.”

“அண்ணன் வரைஞ்ச மூஞ்சி போயிருமேக்கா.”

அக்கா சிரித்துவிட்டார். “அந்த மீசைங்களா? போகட்டுமுங்க. அவரு மூஞ்சி போட்டோவுல இருக்குது.”

அனுப்பினேன். போன வாரம் திரும்பி வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் கறையின் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. முகம் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த மீசை இல்லாதது முதல் நாள் மிகவும் வலித்தது. இந்த மாதம் உங்கள் வீட்டு முறை. விடுமுறைக்கு வந்த உங்கள் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். பாதி வரை வந்துவிட்டாளாம்.

முந்தாநாள் என் கட்டிங் மேசையில் ஒரு தவறு செய்தேன். அளவைப் பார்க்காமல் மார்க் போட்டதில், அடுக்கிய துணி முழுவதிலும் டி-சர்ட்டின் கை நீளம் குறைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. வெட்டிய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். “சார், இது என்னால ஆனதுங்க” என்றேன். மேனேஜர் கத்தினார். கேட்டுக்கொண்டு நின்றேன். கீழே இறங்கி வந்து, புதுத் துணியை விரித்து, அளவை இரண்டு முறை பார்த்து மார்க் போட்டேன், அண்ணா.