இரண்டு தரம் மின்னிய விளக்கு

வெள்ளி, இரவு.

இது இப்படித்தான் முடியும் என்று காலையிலேயே சொன்னேன். கடலில் காணாமல் போன தங்கச்சியின் மகன் அருளைத் தேட வந்த குட்டி விமானத்தின் பற்றரி தாங்காது என்றேன். பொழுதுபட, பேசாலைக் கரைக்கு மேலே அதன் விளக்கெல்லாம் அணைந்து, அது திரும்பிப் போனது.

“ஏன் அண்ணை போகுது?” என்றாள் தங்கச்சி.

“ரெண்டுதரம் மின்னிப்போட்டுத்தானே நூந்தது. அருளின்ர படகைக் கண்டிட்டம் எண்ட சைகை அது. கொழும்பில நூறு பிளேனுக்கு வயர் பூட்டின கை இது.”

அவள் ஓடிப்போய், தேடப் புறப்பட்ட இரண்டு படகுகளையும் மறித்தாள். “பிளேன் கண்டிட்டுதாம், நில்லுங்கோ.” படகுக்காரர் இறங்கி வந்தார்கள். அவள் மகனுக்குச் சோறு போட்டு மூடிவைத்திருக்கிறாள்.

காற்று எழும்பிவிட்டது. அந்த விமானத்தின் விளக்கு ஒருதரமும் மின்னவில்லை.